பட்டன் போனில் 19 நாள்: கோவில்பட்டி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 44 வயது. கோவில்பட்டியில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கொஞ்ச நாளாகப் போனை நினைத்தாலே என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. கழுத்து டிசைன் பார்க்கலாம் என்று எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது. போன வாரம் அந்த நேரத்தில் ஒரு கடன் ஆப் விளம்பரத்தைத் தொட்டு, ஆதார் நம்பர் வரை அடித்துவிட்டுப் பயந்து நிறுத்தினேன். தங்கையிடம் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினேன், மறுநாளே மூட்டுவலித் தைலம் விளம்பரம் வருகிறது. போன் நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறதா? பஸ்ஸில் டிவி, பெட்ரோல் பங்கில் திரை, ரோட்டில் பேனர். எங்கே போனாலும் யாரோ எதையோ விற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டா நடக்க முடியும்?

கோபத்தில் ஸ்மார்ட்போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் பட்டன் போனுக்கு மாறினேன். 19 நாள்தான் தாங்கியது. மூன்று ஆர்டர் கைவிட்டுப் போனது. ஸ்கூல் குரூப்பில் வந்ததைப் பார்க்காததால் மகள் திட்டு வாங்கினாள். மறுபடி எடுத்துவிட்டேன். எடுத்த அன்றைக்கு ஐந்து மணி இருபது நிமிஷம் பார்த்திருக்கிறேன் என்று போனே கணக்குக் காட்டியது. என் பழைய போன் மகளிடம் இருக்கிறது. "போனை வை" என்றால் "முதல்ல நீ வைம்மா" என்கிறாள். நான் அடிமையாகிவிட்டேனா?

பெயர் வேண்டாம், கோவில்பட்டி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த 19 நாளில்தான் நின்றேன். தோற்றுப்போன கதையாக அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் இந்தக் கடிதத்திலேயே மிகவும் உபயோகமான பகுதி. என்னிடம் வருகிறவர்களை "ஒரு வாரம் ஸ்மார்ட்போன் இல்லாமல் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள்" என்று கேட்டால் பத்தில் ஒருவர் செய்தால் அதிகம். நீங்கள் யாரும் சொல்லாமலே 19 நாள் இருந்திருக்கிறீர்கள்.

அந்த நாட்களில் எதெல்லாம் நின்றது, எதெல்லாம் நிற்கவில்லை என்று கொஞ்சம் யோசியுங்கள். பேங்க் ஓடிபி பட்டன் போனுக்கும் வந்திருக்கும். கேஸ் சிலிண்டர் புக் செய்ய ஒரு கால் போதும். கடையில் க்யூஆர் அட்டையும் சவுண்ட் பாக்ஸும் இருந்தால், வாடிக்கையாளர் பணம் போட்டதை அந்தப் பெட்டியே சத்தமாகச் சொல்லிவிடும். அதற்கு உங்கள் போன் பக்கத்தில்கூட இருக்க வேண்டாம். நின்றுபோனவை இரண்டே இரண்டு: வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் டிசைன் படங்கள், ஸ்கூல் குரூப். நீங்கள் எழுதவில்லை என்றாலும் மூன்றாவதாகக் கணவரின் முகம் பார்த்துப் பேசும் வீடியோ கால். உங்களுக்கு ஸ்மார்ட்போன் உண்மையில் தேவைப்படுவது இந்த மூன்றுக்கு மட்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வருமா? மிச்சம் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் எங்கே போகிறது என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

அடிமை என்ற வார்த்தையை முதலில் எடுத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடப்பில் இருக்கும் பதிப்பில், வீடியோ கேம் விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் என்று தனியாக ஒரு நோய் அதில் இல்லை. நீங்கள் கடையைத் திறக்கிறீர்கள், தைத்துக் கொடுக்கிறீர்கள், மகளைக் கவனிக்கிறீர்கள், ஆபத்தான இடத்தில் ஆதார் நம்பரை அடித்துவிட்டு நிறுத்தவும் செய்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை உங்களுக்குள் உண்டாக்கப் பெரிய படிப்புப் படித்தவர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மேல் உங்களுக்குள்ள வெறுப்பு கொஞ்சம் குறையும். அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் "அடுத்த பக்கம்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதற்குள் "போதுமா" என்று மனசு ஒரு தடவை கேட்கும். 2006ல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். "போதுமா" என்று மனசு கேட்கும் அந்த இடமே அதோடு காணாமல் போனது. இதைச் செய்ததற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

இன்னொன்று அதைவிடப் பழையது. 1950களில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனைகள் செய்தார். கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தானியம் விழும் என்றால், புறா பசிக்கும்போது கொத்தும், பிறகு விட்டுவிடும். எப்போது விழும் என்று தெரியாதபடி வைத்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். உங்களுக்கு இது புதிய விஷயமாக இருக்காது. நம் ஊரில் லாட்டரி விற்ற காலத்தைப் பார்த்த வயது உங்களுடையது. சுரண்டினால் ஒன்றும் இருக்காது, இன்னொன்று, ஒன்றும் இருக்காது, திடீரென்று ஐம்பது ரூபாய் விழும். அந்த ஐம்பதுக்காக அன்றைய கூலி முழுவதையும் தொலைத்தவர்கள் எத்தனை பேர். குடும்பங்கள் அழிகின்றன என்று 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். லாட்டரிக்குப் பணத்தை இழந்தவர்களுக்கு நல்ல புத்தி சொன்னால் போதும் என்று அப்போது யாரும் விட்டுவிடவில்லை. விற்பனையையே நிறுத்தினார்கள்.

ரீல்ஸும் உள்ளுக்குள் அதே கணக்குதான். ஒன்பது வீடியோ சுமார், பத்தாவது அருமை. அந்தப் பத்தாவது எப்போது வரும் என்று தெரியாததால்தான் கட்டைவிரல் நிற்பதில்லை. நடுநடுவே விளம்பரம். இந்த நிறுவனங்களின் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. நீங்கள் ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தால் அவர்களுக்கு அது காசு. அங்கே விற்கப்படுவது உங்கள் நேரம்.

சரி, ஒட்டுக் கேட்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்கிறார்கள். விளம்பரம் காட்டுவதற்காகப் பெரிய ஆப்கள் மைக் வழியாக நம் பேச்சைக் கேட்கின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. உங்கள் தங்கை அன்றைக்கு மூட்டுவலி மருத்துவம் என்று தேடியிருப்பார். நீங்கள் இருவரும் ஒரே வீட்டின் வைஃபையையோ ஹாட்ஸ்பாட்டையோ பயன்படுத்தியிருந்தால் இரண்டு போனும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று விளம்பரக் கணினிக்குத் தெரியும். உங்கள் வயது தெரியும், அந்த வயதுக்காரர்களுக்கு வயதான பெற்றோர் இருப்பார்கள் என்றும் தெரியும். நீங்கள் ஒன்றைத் தொட்டு அது திறப்பதற்குள், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், அந்த இடத்தில் யாருடைய விளம்பரம் வருவது என்று ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது.

அப்புறம் ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க" என்று கேட்பார்கள் அல்லவா? அப்படிச் சேர்ந்த நம்பர் பட்டியலைக் கொடுத்து, "இவர்களுக்கு மட்டும் எங்கள் விளம்பரத்தைக் காட்டு" என்று சொல்லும் வசதி பெரிய தளங்களில் இருக்கிறது. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023ல் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். நான் சொல்கிறேன். முதல் தடவை கூச்சமாக இருக்கும், நாலாவது தடவை பழகிவிடும்.

இப்போது ராத்திரி இரண்டு மணி. இதைப் பற்றி நீங்கள் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

கணவர் கத்தாரில். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டுக் கூப்பிடும்போது அங்கே எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. பேசுகிறீர்கள். ஒரு கட்டத்தில் "சரி, வைக்கிறேன்" என்கிறார். திரை கறுப்பாகிறது. மகள் தூங்கிவிட்டாள். வீடு அமைதியாகிவிடுகிறது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று, சற்று முன்வரை அவர் முகம் தெரிந்த அதே போன். அதைக் கீழே வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. வெளிநாட்டில் இருக்கும் கணவர்மாரின் மனைவிகள் பலர் என்னிடம் இதே நேரத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: கால் முடிந்ததும் வரும் அரை மணி நேரம். அந்த வெறுமையில் கை ரீல்ஸைத் திறக்கிறது. அங்கே ஆரம்பிப்பது பன்னிரண்டரை வரை போகிறது. தூக்கம் கெட்டுப் போய் இரண்டு மணிக்கு முழிப்பு. முழித்தால் பக்கத்தில் அதே போன்.

அதனால் "போனைப் பார்க்காதே" என்று உங்களைக் கட்டாயப்படுத்திப் பிரயோஜனமில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு வேறு ஒன்று வேண்டும். ஒரு நோட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கால் முடிந்ததும் அவரிடம் சொல்ல விட்டுப் போனதை, நாளைக்குக் கேட்க வேண்டியதை அதில் எழுதுங்கள். நாலு வரி போதும். பேச்சு அறுந்துபோகாமல் அந்த நாலு வரியில் கொஞ்ச நேரம் தொடரும். மறுநாள் நோட்டைப் பார்த்துப் பேசினால் "சாப்பிட்டியா, நீ சாப்பிட்டியா" என்பதைத் தாண்டியும் பேச்சு போகும். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்காவது பகலில் ஒரு நீண்ட கால் பேச முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். இந்த வருத்தத்தை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

நோட்டில் எழுதி முடித்ததும் போன் ஹாலில் சார்ஜுக்குப் போக வேண்டும். படுக்கையறையில் சார்ஜர் இருக்கவே கூடாது. "ராத்திரி அவரிடமிருந்து, அம்மாவிடமிருந்து அவசரமாகக் கால் வந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். எல்லா போனிலும் "தொந்தரவு செய்யாதே" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் கணவர், அம்மா, தங்கை மூவரின் நம்பர் மட்டும் மணி அடிக்கட்டும் என்று வைத்துவிடலாம். சத்தத்தை முழுசாக ஏற்றி வையுங்கள், ஹாலிலிருந்து கேட்கும். வேறு எதற்கும் அது ஒலிக்காது. காலையில் எழுப்ப ஒரு டைம்பீஸ் வாங்கிவிடுங்கள். அலாரத்துக்காகத்தான் போனைப் பக்கத்தில் வைக்கிறேன் என்ற காரணமும் அதோடு போய்விடும்.

இரண்டு மணிக்கு முழிப்பு வருவது ஒரே நாளில் நிற்காது. வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் சும்மா கிடப்பதே உடம்புக்கு ஓய்வு. 44 வயதில் மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய மாற்றங்களாலும் தூக்கம் கலையலாம். உடம்பு திடீரென்று சூடாவது, வியர்ப்பது என்று ஏதாவது இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். எல்லாப் பழியையும் போன் மேல் போட வேண்டாம்.

கடன் விளம்பரத்தைப் பற்றி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பணம் சம்பந்தப்பட்ட எதையும் போனில் தொடாதீர்கள். கடனோ, சீட்டோ, தள்ளுபடியோ, எதுவானாலும் காலையில் பார்க்கலாம். "இன்னும் 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று கடிகாரம் ஓடும், "எனக்குச் சேமிப்பு வேண்டாம்" என்று குற்ற உணர்ச்சி வரும்படி பொத்தானில் எழுதியிருப்பார்கள். இப்படி ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறது. அப்படி மாட்டிக்கொண்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பணமே போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930. நீங்கள் அன்றைக்கு ஆதார் நம்பரோடு வேறு ஏதாவது அனுமதி கொடுத்தீர்களா என்று பாருங்கள். அந்த ஆப் போனில் இறங்கியிருந்தால், தொடர்புகள், படங்கள் என்று கொடுத்த அனுமதிகளை எடுத்துவிட்டு ஆப்பையே அழித்துவிடுங்கள். அவசரப் பணம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் கேளுங்கள். வட்டியும் தெரியும், பணம் கொடுக்கிற மனுஷியின் முகமும் தெரியும்.

பகலில் நேரம் போவதற்கான வாசல் டிசைன் தேடுவது. இது தொழில், விட முடியாது. ஆனால் தேடுவதை மாற்ற முடியும். வாரத்தில் ஒரு நாள், கடைக்கு விடுமுறை விடும் நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நல்ல டிசைன்களைச் சேமியுங்கள். பானை கழுத்து, படகுக் கழுத்து, பின்பக்கம் முடிச்சு, ஆரி வேலை, பஃப் கை என்று நாற்பது ஐம்பது சேர்ந்ததும் போட்டோ ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து ஆல்பம் போடுங்கள். நீங்களே தைத்த பிளவுஸ்களின் படங்கள் அதில் பாதியாவது இருக்கட்டும். முன்பு எல்லா டைலர் கடையிலும் டிசைன் புக் இருந்ததே, அதுதான். வருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று பேசுவார்கள், லைனிங் துணியும் சேர்த்தே எடுப்பார்கள். புரட்டிக்கொண்டே போனால் ஆல்பத்துக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று வந்துவிடும்.

வாட்ஸப்பில் படம் அனுப்புகிறவர்களுக்காக வாட்ஸப் பிசினஸ் ஆப்பை வைத்துக்கொண்டு, "காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மெசேஜ் பார்ப்பேன், அவசரம் என்றால் கால் செய்யுங்கள்" என்று தானாகப் போகும் பதிலைப் போட்டுவிடுங்கள். ஆர்டர் போய்விடுமோ என்று முதல் வாரம் பதறும். தைக்கக் கொடுக்கிறவர்கள் உங்கள் கைக்காகத்தான் வருகிறார்கள், ஐந்து நிமிடத்தில் பதில் வருவதற்காக அல்ல. ஸ்கூல் குரூப், கணவர், வாடிக்கையாளர் கால் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். இன்ஸ்டாகிராமை போனிலிருந்து எடுத்துவிட்டு, அந்த விடுமுறை நாளில் மட்டும் பிரவுசரில் திறந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் லாக் அவுட் செய்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டியிருக்கும். முன்பு சொன்னேனே, "போதுமா" என்று மனசு கேட்கும் இடம், அதை நீங்களே திரும்ப உண்டாக்கிக்கொள்கிறீர்கள்.

போனில் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளையும் ஒரு தடவை உட்கார்ந்து முடித்துவிடுங்கள். 1909க்குக் கால் செய்து விளம்பரக் கால்களும் எஸ்எம்எஸ்களும் வேண்டாம் என்று பதிவு செய்யலாம். பதிவு செய்த பிறகும் வந்தால் அதே எண்ணில் புகார் கொடுக்கலாம். சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பரக் கால் செய்வதே விதிக்கு விரோதம். வாட்ஸப்பில் வரும் விளம்பரங்களுக்கு இது செல்லாது, அங்கே ஒவ்வொன்றாக பிளாக் செய்வதுதான் வழி. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்று போனால் உங்கள் விளம்பர அடையாள எண்ணை நீக்கும் வசதி இருக்கும். விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது, ஆப்புக்கு ஆப் உங்களைப் பின்தொடர்வது குறையும். பூட்டிய திரையிலேயே படமும் செய்தியும் காட்டும் போன் என்றால் அதையும் செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள். போனைத் திறப்பதற்கு முன்பே கையைப் பிடித்து இழுப்பது அதுதான்.

இதையெல்லாம் செய்தாலும் பஸ் டிவி இருக்கும், பங்க் திரை இருக்கும். விளம்பரம் நமக்குப் புதிதில்லை. இலங்கை வானொலியில் பாட்டுக்கு நடுவே விளம்பரம் கேட்டு வளர்ந்த தலைமுறை நம் அம்மாக்களுடையது. விவித் பாரதியில் 1967லும் தூர்தர்ஷனில் 1976லும் விளம்பரம் ஆரம்பித்தது. சோப்பும் பல்பொடியும் சுவரில் எழுதியிருக்கும். அந்தச் சுவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி பேசியது, நாம் கடந்து போனதும் அங்கேயே நின்றுவிட்டது. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்தில் 2007 தொடக்கத்திலிருந்து வெளிப்புற விளம்பரப் பலகைகளையே தடை செய்தார்கள். ஆயிரக்கணக்கான பலகைகள் இறங்கின. மறைந்து கிடந்த பழைய கட்டடங்களின் முகம் அந்த ஊர்க்காரர்களுக்குத் திரும்பத் தெரிந்தது. நம் நாட்டிலும் டிவியில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது. எதற்குச் சொல்கிறேன் என்றால், கண்ணுக்கு முன்னால் எவ்வளவு விளம்பரம் நிற்கலாம் என்பது ஒரு ஊர் சேர்ந்து முடிவு செய்யக்கூடிய விஷயம். அதை உங்கள் ஒருத்தியின் மனவலிமைக்கு வைத்த பரீட்சையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சின்ன அளவில் கேட்டுப் பார்க்கவும் செய்யலாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய திரை நாள் முழுக்கச் சத்தமாக விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தது. பதற்றத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்ஷூரன்ஸ் விளம்பரம். நிர்வாகத்திடம் நான்கு தடவை கேட்டேன். திரையை எடுக்கவில்லை, சத்தத்தை மட்டும் நிறுத்தினார்கள். அன்றைக்கு அந்தக் கூடத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பஸ்ஸில் கண்டக்டரிடம் "அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று கேட்டால் பெரும்பாலும் குறைத்துவிடுகிறார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக உங்கள் மகள். அவள் சொன்னது உங்களைக் குத்தியிருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவின் கவனம் தனக்கும் வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்படித்தான் சொல்லும். உங்கள் பழைய போன் அவளிடம் இருக்கிறது என்கிறீர்கள். அதில் உங்கள் கணக்கே ஓடிக்கொண்டிருந்தால், 44 வயதுப் பெண்ணுக்கு வரும் கடன் விளம்பரமும் உடல் இளைக்கும் விளம்பரமும்தான் அந்தப் பிள்ளையின் கண்ணில் படும். அவளுடைய உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்று 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் வேறு. எப்படியானாலும் வயது சரியாக இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு அவளுக்குக் கிடைக்கும்.

விளம்பரத்தைப் படிக்க அவளுக்குக் கற்றுக்கொடுக்க உங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. நகைக்கடை பேனரில் ஒரு பெண் கச்சிதமாக பிளவுஸ் போட்டு நிற்கிறாள் அல்லவா? படம் எடுக்கும்போது பின்னால் எத்தனை கிளிப்பும் பின்னும் குத்தியிருப்பார்கள் என்று டைலர் உங்களுக்குத் தெரியும். தோள் தையல் எங்கே இழுக்கிறது, எந்தச் சுருக்கத்தைப் படத்தில் அழித்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் போகும்போது அவளுக்குக் காட்டுங்கள். ஒரு மாதத்தில் அவள் உங்களுக்குக் காட்ட ஆரம்பித்துவிடுவாள்.

நான்கு வாரம் இப்படி இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் தூக்கம் சரியாகவில்லை, பகலில் வேலை ஓடவில்லை, மனசு பாரமாகவே இருக்கிறது என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். போன், இணையப் பழக்கத்துக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் ஒரு தனி கிளினிக் நடக்கிறது. உங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவை வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஹாலில் ஒரு இடத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். பிரிட்ஜ் மேலேயோ, ஷோகேஸ் பக்கத்திலேயோ. இரண்டு போனுக்கும் அதே இடம். அவளுடையது ஒன்பதரைக்கு, உங்களுடையது அப்பாவின் கால் முடிந்ததும். அடுத்த தடவை "முதல்ல நீ வைம்மா" என்று அவள் சொன்னால், எழுந்து போய் அங்கே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கு அவள் என்ன பேசினாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்